மியெனா சைடர் கம்: டாஸ்மேனிய மேட்டுநிலத்தின் இனிப்புச்சாறு யூகலிப்டஸ் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யூகலிப்டஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வரிசை வரிசையாக நடப்பட்ட காகிதக்கூழ்த் தோட்டங்களும் தைலப் புட்டியும்தான். எங்கும் வளரும், எதையும் தாங்கும், நிலத்தடி நீரை உறிஞ்சும் என்ற எண்ணம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த எண்ணத்துக்குச் சற்றும் பொருந்தாத, ஒரே ஒரு மேட்டுநிலத்தை மட்டுமே தாயகமாகக் கொண்ட ஒரு யூகலிப்டஸ் மரத்தைப் பற்றி வாசகர்கள் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

மியெனா சைடர் கம் என்பது தனிச் சிற்றினமா?

முழுமையான சிற்றினம் அன்று, துணைச்சிற்றினம். ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவில் மட்டுமே இயற்கையாக வளரும் யூகலிப்டஸ் கன்னியை என்ற சிற்றினத்தை 1844இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் விவரித்தார். டாஸ்மேனியாவில் வாழ்ந்து, அத்தீவின் செடிகொடிகளைத் திரட்டி அவருக்கு அனுப்பிவந்த ரொனால்ட் கேம்பெல் கன் என்பவரின் பெயரையே மரத்துக்கு வைத்தார். அச்சிற்றினத்தில் இன்று இரண்டு துணைச்சிற்றினங்கள் ஏற்கப்படுகின்றன. அவற்றுள் டைவாரிகேட்டா என்பதுதான் மியெனா சைடர் கம். மியெனா என்பது கிரேட் லேக் ஏரியின் தென்கரையில் உள்ள சிற்றூர்.

டைவாரிகேட்டாவை முதலில் தனிச் சிற்றினமாகவே கருதினர். பின்னர் டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் பிராட் பாட்ஸ் உள்ளிட்டோர், கன்னியையும் அதன் நெருங்கிய உறவான ஆர்ச்சரி என்ற மலை யூகலிப்டஸும் மேட்டுநிலத்தில் எவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றாகச் சிறிது சிறிதாக மாறிச்செல்கின்றன என்பதை விரிவாக ஆராய்ந்தனர். ஓரிடத்தில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஒரு மரம், அந்தப் பக்கம் வேறு மரம் என்று சொல்ல முடியாத தொடர்ச்சி அது. வகைப்பாட்டில் இதை ஒரு படி இறக்கி வைத்ததால் இதன் மதிப்பு குறைந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. சட்டப் பாதுகாப்பு இந்தத் துணைச்சிற்றினத்துக்கே தனியாக வழங்கப்பட்டுள்ளது.

நீலகிரியின் கற்பூர மரத்துக்கும் இதற்கும் என்ன உறவு?

இரண்டுமே டாஸ்மேனியாவைச் சேர்ந்தவை, ஒரே துணைப்பேரினத்தில் வருபவை. ஊட்டியிலும் குன்னூரிலும் தைலம் காய்ச்சப்படும் மரம் யூகலிப்டஸ் குளோபியுலஸ். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாபில்லார்டியேர் டாஸ்மேனியாவின் தென்கோடியில் திரட்டி 1800இல் விவரித்த அந்த மரத்தை, விறகுக்காக 1840களில் நீலகிரிக்குக் கொண்டுவந்தனர். உண்மையில் யூகலிப்டஸ் என்ற பேரினமே டாஸ்மேனியக் கரையிலிருந்துதான் அறிவியலுக்கு அறிமுகமாயிற்று: கேப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தில், 1777இல், அத்தீவை ஒட்டிய புரூனி தீவில் எடுக்கப்பட்ட ஒரு கிளையை வைத்தே அப்பெயர் உருவாக்கப்பட்டது.

ஆனால் வாழிடத்தில் இரண்டும் எதிரெதிர். குளோபியுலஸ் கடற்கரையை ஒட்டிய மிதமான தாழ்நிலங்களில் வளர்ந்து 60 மீட்டரையும் தாண்டி உயரும். மியெனா மரமோ ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், குளிரில் குறுகி, பெரும்பாலும் 15 மீட்டருக்குள் நின்றுவிடும். நீலகிரி மரத்தின் கன்றை மியெனாவில் நட்டால் முதல் குளிர்காலத்தைக்கூடத் தாண்டாது.

இதன் இயற்கை வாழிடம் எப்படிப்பட்டது?

டாஸ்மேனியாவின் நடுவே, பெரும்பகுதி டோலரைட் பாறையாலும் ஆங்காங்கே பசால்ட்டாலும் ஆன மத்திய மேட்டுநிலம் உள்ளது. பனியூழிக் காலத்துப் பனியாறுகள் தேய்த்துச் சென்ற அதன் மேற்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான சிறு ஏரிகள் கிடக்கின்றன. கிழக்குப் பகுதியில்தான் யிங்கினா என்று பழங்குடியினர் வழங்கும் கிரேட் லேக் இருக்கிறது. அந்த ஏரியைச் சுற்றியும் அதற்குத் தெற்கிலும் விரிந்த புல்வெளிகளின் ஓரங்களிலேயே மியெனா சைடர் கம் காணப்படுகிறது.

இந்நிலத்தின் போக்கைப் புரிந்துகொள்ள, மரக்கோட்டைப் பற்றி நாம் பள்ளியில் படித்ததைத் தலைகீழாக்க வேண்டும். பொதுவாக மலையில் மேலே போகப்போகக் குளிர் கூடி, ஒரு உயரத்துக்கு மேல் மரங்கள் நின்றுவிடும். இங்கோ, காற்றில்லாத தெளிந்த இரவுகளில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து இறங்கி, அகன்ற ஆழமற்ற பள்ளங்களில் தேங்குகிறது. எனவே பள்ளத்தின் அடிப்பகுதி, அதைச் சூழ்ந்த மேடுகளைவிடக் கடுமையாக உறைகிறது. அடியில் மரமே இல்லாத புல்வெளியும் கோரைச் சதுப்பும். ஓரத்தில் மரங்கள் தொடங்கும் கோடு. அதற்கு மேல் காடு. கிரேட் லேக்கின் மேற்குப் பக்கத்தில் உள்ள லியாவெனீ என்ற இடத்தில் 2020 ஆகஸ்ட் 7 அன்று வெப்பநிலை மைனஸ் 14.2 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. டாஸ்மேனியாவில் பதிவானவற்றிலேயே மிகக் குறைந்த அளவு அது. கோடையிலும் உறைபனி விழக்கூடிய நிலம் இது.

மியெனா மரம் நிற்பது, பள்ளத்தை ஒட்டிய அந்த முதல் வரிசையில். சரிவில் சற்று மேலே, நீர் நன்றாக வடியும் கற்பாங்கான மண்ணில், டெலிகேட்டென்சிஸ், டேல்ரிம்பிளியானா போன்ற உயரமான யூகலிப்டஸ்கள் நிற்கும். பாசிஃப்ளோரா என்ற பனி யூகலிப்டஸ் சற்று வறண்ட இடங்களைப் பிடித்துக்கொள்ளும். குளிர்காற்று தேங்குவதும், குளிர்காலம் முழுவதும் வேரடியில் நீர் நிற்பதும் சேர்ந்த இடம்தான் மியெனா மரத்துக்கு எஞ்சுகிறது. அங்கே அதனோடு போட்டியிட மற்ற மரங்களால் இயல்வதில்லை; ரோட்வேயி என்ற சதுப்பு யூகலிப்டஸ் மட்டும் சில இடங்களில் அருகே நிற்கும். இம்மரத்தின் பரப்பு இவ்வளவு குறுகியதாக இருப்பதற்கும், இன்று அது தவிப்பதற்கும் இந்த இடத்தேர்வே காரணம் என்பது என் கருத்து.

அவ்வளவு குளிரை இது எப்படித் தாங்குகிறது?

இலையுதிர்காலத்தில் இரவுகள் படிப்படியாகக் குளிர்வதற்கு ஏற்ப, இதன் திசுக்கள் உறைவைத் தாங்கும் திறனைப் படிப்படியாகப் பெறுகின்றன. குளிர்காலத்தின் நடுவே கடும் உறைபனியை எளிதாகத் தாங்கும் மரம், புதுத்தளிர் விட்ட பருவத்தில் திடீரென வரும் சிறு உறைபனியில் கருகிவிடக்கூடும்.

இலையிலும் மொட்டிலும் காயிலும் படிந்திருக்கும் சாம்பல் கலந்த வெண்ணிற மெழுகுப்பூச்சும் கவனத்துக்குரியது. டாஸ்மேனிய யூகலிப்டஸ்களில் குளிர் மிகுந்த திறந்த இடங்களை நோக்கிச் செல்லச்செல்ல இப்பூச்சு கூடுவதை பார்பர், ஜாக்சன் ஆகிய இருவரும் 1957இல் எடுத்துக்காட்டி, மிகக் குறுகிய தொலைவுக்குள்ளேயே இயற்கைத் தேர்வு செயல்படுவதற்கான சான்றாக அதை முன்வைத்தனர். சில நூறு மீட்டர் நடந்தாலே பச்சை இலை மரங்கள் வெள்ளி நிற மரங்களாக மாறுவதைக் காண முடியும் என்பது தாவரவியலில் அடிக்கடி வாய்க்காத காட்சி. மியெனா மரம் அந்த வெள்ளி நிறத்தின் உச்சத்தில் இருப்பது.

எவ்வாறு அடையாளம் காண்பது?

வழவழப்பான பட்டை ஆண்டுதோறும் உரிந்து, வெண்மை, சாம்பல், இளம்பச்சை, மென்சிவப்பு எனத் திட்டுத்திட்டாகத் தெரியும். இளம் இலைகள் காம்பின்றி, தண்டைத் தழுவியபடி, நாணயம் போல் வட்டமாக எதிரெதிரே அமையும். முதிர்ந்த இலைகள் காம்புடன், நீண்டு, மாறிமாறி அமையும். வெண்ணிறப் பூக்கள் மும்மூன்றாகக் கொத்தாக வரும். கிளைகள் அகன்று விரிந்து பிரிவதும், வளர்ந்த மரத்திலும் ஆங்காங்கே இளம் இலைகள் தங்கிவிடுவதும் டைவாரிகேட்டாவின் இயல்புகள்.

இதிலிருந்து மது வடிந்தது என்பது உண்மையா?

உண்மை. வசந்தத்திலும் கோடையிலும் இம்மரத்தின் பட்டையில் காயம் பட்டால் இனிப்பான சாறு கசியும். ஐரோப்பியக் குடியேற்றத்துக்கு முன்பே மத்திய மேட்டுநிலத்தின் பழங்குடியினர் இதை முறைப்படி எடுத்துவந்தனர். கூர்மையான கல்லால் பட்டையில் துளையிட்டு, வழியும் சாறு வேரடியில் தோண்டிய குழியில் சேருமாறு செய்து, பறவைகளும் விலங்குகளும் குடித்துவிடாதபடி அக்குழியைத் தட்டைக் கல்லால் மூடிவைத்தனர். சில நாள் கழிந்தால் சாறு தானாகவே புளித்து, சற்றுப் போதை தரும் பானமாகிவிடும். வேயலினா என்பது அதன் பெயர்.

பதநீரைச் சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விட்டால் கள்ளாகிவிடுவதை அறிந்த நமக்கு இதன் செய்முறையை விளக்கத் தேவையில்லை. ஈஸ்ட்டை யாரும் சேர்ப்பதில்லை. அது மரத்திலும் காற்றிலும் பூச்சியின் காலிலும் ஏற்கனவே இருக்கிறது.

1830களின் தொடக்கத்தில் டாஸ்மேனியா முழுவதும் பயணம் செய்து பழங்குடியினரைச் சந்தித்த ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் என்ற காலனி அதிகாரியின் நாட்குறிப்புகளில் இம்மரங்கள் இடம்பெறுகின்றன. அக்குறிப்புகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. மேட்டுநில மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து பெயர்த்தெடுக்கும் பணிக்காகவே அவர் அங்கே சென்றிருந்தார். 1831 டிசம்பர் முடிவில், அந்த மேட்டுநிலப் பழங்குடியினரான பிக் ரிவர் மக்களில் எஞ்சியிருந்தோர் அவரோடு புறப்பட்டு, பின்னர் பாஸ் நீரிணையில் உள்ள ஃபிளிண்டர்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டனர். மரத்தில் துளையிட்டவர்களின் அறிவு, அவர்களை அங்கிருந்து அகற்றியவரின் கையெழுத்து வழியாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மேய்ப்பர்களும் பிற்பாடு இச்சாற்றைக் குடித்தார்கள். ஆங்கிலத்தில் ஆப்பிள் மதுவின் பெயரான சைடர் மரத்துக்கு வந்தது குடியேறிகளிடமிருந்துதான்.

சாறு புளிப்பதைப் பற்றி அறிவியல் ஆய்வு ஏதும் உண்டா?

உண்டு. அடிலெய்ட் பல்கலைக்கழகத்தையும் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வு நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் மத்திய மேட்டுநிலத்து மரங்களின் சாறு, பட்டை, அருகிலிருந்த மண் ஆகியவற்றை எடுத்து, டிஎன்ஏ வரிசைப்படுத்தல் மூலம் அவற்றில் வாழும் பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் இனங்கண்டு 2020இல் வெளியிட்டனர். ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்கு மதுவை அறிமுகப்படுத்தியவர்கள் ஐரோப்பியர்களே என்ற பரவலான நம்பிக்கைக்கு வேயலினா நேரடியான மறுப்பு என்பதால், அந்த ஆய்வுக்கு ஆய்வகத்துக்கு வெளியிலும் கவனம் கிடைத்தது.

பிரிட்டன் தோட்டங்களில் கன்னியை நிறைய வளரும்போது, இதை எப்படி அருகிவரும் மரம் என்கிறார்கள்?

இப்பக்கத்தில் உள்ள கேள்விகளில் மிகவும் நியாயமானது இதுவே. கன்னியை உலகிலேயே அதிகம் நடப்படும் குளிர்தாங்கும் யூகலிப்டஸ்களில் ஒன்று. பிரிட்டன், அயர்லாந்து நாற்றங்கால்களில் அது எளிதாகக் கிடைக்கும். பூங்கொத்துகளில் வைக்கப்படும் வட்டமான வெள்ளி இலைக்கிளை பெரும்பாலும் இதனுடையதுதான். பிரான்சின் தென்மேற்கில் காகிதக்கூழுக்காக கன்னியையையும் டேல்ரிம்பிளியானாவையும் கலந்து உருவாக்கிய குண்டால் என்ற கலப்பினத்தைத் தோட்டமாகவே வளர்க்கிறார்கள்.

ஆனால் தோட்டத்து மரங்களைக் கணக்கில் சேர்த்தால் மேட்டுநிலத்து மரம் பிழைத்துவிட்டதாகாது. எங்கோ சில மரங்களிலிருந்து எடுத்த விதையின் வழித்தோன்றல்கள், ஒரு முழு வாழிடத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஏற்பத் தனித்தனியாகத் தகவமைந்த கூட்டங்களின் மரபுவளத்தைக் கொண்டிருக்க முடியாது. நாற்றங்காலில் விற்கப்படுவது பல நேரம் மற்றொரு துணைச்சிற்றினமாகவோ கலப்பாகவோ இருக்கும். மேலும், மரத்தோடு சேர்ந்து வாழும் ஈஸ்ட்டும் பூச்சியும் புல்லும், துளையிட்ட பழைய அடிமரங்களும் எந்த நாற்றங்காலிலும் கிடைப்பதில்லை.

தாயகத்தில் ஏன் பட்டுப்போகிறது?

1990களின் வறட்சியில்தான் பெரும் அளவிலான அழிவு கண்ணில் பட்டது. கிரேட் லேக்கைச் சுற்றியும் தெற்குப் புல்வெளிகளிலும் முதிர்ந்த மரங்கள் உச்சியிலிருந்து காயத் தொடங்கி, கூட்டங்கூட்டமாகச் செத்தன. இன்றும் அவ்வழியே செல்வோர் உயிருள்ள மரங்களைவிட வெளுத்த எலும்புக்கூடுகளையே அதிகம் காணும் இடங்கள் உண்டு.

காரணம் ஒன்றல்ல, ஒன்றோடொன்று பின்னியவை. கால்டர், கர்க்பாட்ரிக் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, காலநிலை மாற்றத்தோடு வேறு காரணிகளையும் சேர்த்தே இந்த வீழ்ச்சியை ஆராய்ந்தது. குளிர்ந்த, நீர் தேங்கும் மண்ணுக்குப் பழகிய மரம், அம்மண் கோடையில் வறண்டுபோகும்போது தடுமாறுகிறது. வலுவிழந்த மரத்தைப் பூச்சிகள் தாக்குகின்றன. இலையிழந்த மரம் புதிய தளிர்களை விட்டுப் பிழைக்க முயலும்போது, அத்தளிர்களைத் தூரிகைவால் போசம் என்ற மரவிலங்கு இரவுதோறும் ஏறித் தின்றுவிடுகிறது. யூகலிப்டஸ் இலைகளில் பொதுவாக இருக்கும் கசப்பும் நச்சும் போசத்தைப் பெருமளவு தடுக்கும். இம்மரத்தின் இலையையோ அது விரும்பி உண்கிறது. மீண்டும் மீண்டும் தளிர் விட்டுச் சேமிப்பு தீர்ந்ததும் மரம் செத்துவிடுகிறது.

இதற்கிடையில் புதிய தலைமுறையும் எழுவதில்லை. விதைகள் மண்ணில் நெடுநாள் காத்திருப்பதில்லை. மரத்தின் காய்களுக்குள்ளேயே இருந்து உதிர்ந்தால் உண்டு. அவ்வாறு முளைக்கும் சில கன்றுகளையும் ஆடுகள், முயல்கள், சிறு கங்காரு போன்ற வாலபிகள், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஃபேலோ மான்கள் ஆகியவை மேய்ந்துவிடுகின்றன. 2019 சனவரியில் மத்திய மேட்டுநிலத்தில் பரவி மியெனாவை நெருங்கிய காட்டுத்தீ, ஏற்கனவே நலிந்திருந்த நிலத்துக்கு இன்னொரு அடி.

மற்ற மலைமரங்கள் வெப்பம் கூடினால் மேலே நகரலாம் என்று சொல்வார்கள். இம்மரம் சரிவில் மேலே நகர்ந்தால் தன்னைவிட வேகமாக வளரும் யூகலிப்டஸ்களின் நிழலில் சிக்கும். கீழே இருப்பதோ புல்வெளியும் ஏரியும்.

போசம் அந்த மண்ணின் விலங்குதானே? அதை ஏன் குறை சொல்ல வேண்டும்?

போசத்தின்மேல் குற்றமில்லை. பல்லாயிரம் ஆண்டுகள் இரண்டும் ஒன்றாகவே வாழ்ந்திருக்கின்றன. மாறியது சூழல். மென்மயிர்த் தோலுக்காக இந்த மேட்டுநிலத்தில் போசங்களைப் பெருமளவில் பிடித்துவந்த தொழில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓய்ந்தது; அதற்கு முன்னர் பழங்குடியினரும் அவற்றை வேட்டையாடினர். போசத்தை உண்ணும் டாஸ்மேனியன் டெவில் என்ற ஊனுண்ணி விலங்கு, 1996இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் முகப்புற்றால் பெரிதும் குறைந்தது. இந்நிலையில் வறட்சியால் தளர்ந்த, தனித்தனியாகச் சிதறி நிற்கும் மரங்கள் போசத்தின் பசிக்கு ஈடுகொடுக்க முடியாமல் போயின.

எந்த வகையான பாதுகாப்பு நடக்கிறது?

ஆஸ்திரேலிய அரசின் 1999ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் டாஸ்மேனியாவின் 1995ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினங்கள் சட்டத்திலும் இது அழியும் அபாயத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

களத்தில் செய்யப்படுவது வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. வழவழப்பான அகலமான உலோகத் தகட்டை அடிமரத்தைச் சுற்றிப் பட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். போசத்தின் நகத்துக்குப் பிடி கிடைக்காததால் அது ஏற முடிவதில்லை. பக்கத்து மரத்திலிருந்து தாவும் வாய்ப்பில்லாத தனிமரங்களுக்கு இது நன்றாகப் பயன்படுகிறது. அடிமரம் பருக்கும்போது தகட்டைத் தளர்த்த வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் யாரேனும் போய்வந்தாக வேண்டும். இதோடு கன்றுகளைக் கம்பிக்கூண்டுக்குள் வளர்ப்பது, மேய்ச்சலைத் தடுக்கும் வேலி, விதை சேகரிப்பு ஆகியவையும் நடக்கின்றன. மரங்களில் பல தனியார் மேய்ச்சல் நிலத்தில் நிற்பதால், நில உரிமையாளர்களின் ஒத்துழைப்பின்றி எதுவும் நடக்காது. தகடு கட்டுவதால் வறட்சி தீர்ந்துவிடாது என்பது அதைச் செய்பவர்களுக்கும் தெரியும். நிற்கும் மரம் இன்னும் சில ஆண்டுகள் விதை கொடுக்குமாறு செய்வதே அதன் நோக்கம்.

மற்ற யூகலிப்டஸ்களோடு கலந்துவிடும் ஆபத்து உண்டா?

ஓரளவு உண்டு. ரோட்வேயி, டேல்ரிம்பிளியானா ஆகியவற்றோடு இது கலக்கக்கூடும். பாசிஃப்ளோராவும் டெலிகேட்டென்சிஸும் வேறு துணைப்பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் அருகருகே நின்றாலும் கலப்பதில்லை. மியெனா மரங்கள் அருகிப்போன இடத்தில், எஞ்சிய ஒன்றிரண்டின் பூக்களுக்கு அயல்மரத்தின் மகரந்தமே அதிகம் கிடைக்கும் என்பதால், விதை சேகரிப்போர் கூட்டமாக நிற்கும் மரங்களையே நாடுகிறார்கள்.

நேரில் பார்க்க முடியுமா? சாற்றைச் சுவைக்கலாமா?

பாத்வெல் ஊரிலிருந்து மியெனா வழியாக டெலொரெய்னுக்குச் செல்லும் ஹைலேண்ட் லேக்ஸ் சாலையிலிருந்தே பார்க்கலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை செல்வது நல்லது, குளிர்காலத்தில் பனி காரணமாகச் சாலை மூடப்படுவதுண்டு. சுவைப்பதற்காகப் பட்டையைக் கீறக் கூடாது. அது சட்டத்தால் காக்கப்பட்ட மரம். பழைய துளைகள் கொண்ட மரங்கள் பழங்குடியினரின் மரபுச் சின்னங்களும்கூட.

விதை வாங்கித் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வளர்க்கலாமா?

சமவெளியில் வேண்டவே வேண்டாம், வெப்பம் தாங்காது. கன்னியை விதைகளை ஈரத்தோடு சில வாரங்கள் குளிரில் வைத்த பிறகு விதைத்தால்தான் நன்றாக முளைக்கும் என்பதே இதன் இயல்பைச் சொல்லிவிடும். உறைபனி விழும் மேல் நீலகிரியில் ஒருவேளை பிழைக்கக்கூடும். ஆனால் அங்கே சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் அயல்மரங்கள் செய்த சேதத்தைச் சரிசெய்யவே பெரும் உழைப்பு தேவைப்படும் நிலையில், இன்னொரு யூகலிப்டஸைக் கொண்டுபோய் வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.